எழுத்து கிளேசுக்கு மேலா, கீழா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீனப் பீங்கானில் அரபு எழுத்து பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ்ப் பத்திரிகையில் இப்படி ஒரு விஷயத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரையோடு போட்ட படம் இடவலமாகத் திரும்பி அச்சாகியிருக்கிறது. வலமிருந்து இடமாக ஓட வேண்டிய எழுத்து இடமிருந்து வலமாக ஓடுகிறது. முகம் பார்க்கும் கண்ணாடி முன் பேப்பரைப் பிடித்துத்தான் வாசிக்க முடிந்தது. போதாததற்கு, படத்தின் கீழே ‘அரபு தெரியாத சீனக் குயவர்கள் கிறுக்கிய எழுத்து’ என்று ஒரு வரி. பக்கம் அமைத்தவர் படத்தைப் புரட்டிப் போட்டதற்கு ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய குயவனைக் குற்றம் சொன்னால் என்ன நியாயம்?

நான் பீங்கான் தொழிலில் இருந்தவன். சாப்பிடுகிற தட்டு இல்லை, மின்கம்பியைத் தாங்குகிற இன்சுலேட்டர். கிளேஸ் பிரிவில், அதாவது பீங்கான் மேல் கண்ணாடி மாதிரி உருகிப் படிகிற பூச்சைப் பூசும் பிரிவில், மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றேன். அரபு, சின்ன வயதில் மதரசாவில் ஓதிய அளவுக்குத் தெரியும். அதாவது எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவேன். பொருள் வேண்டுமென்றால் எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம்தான் போக வேண்டும். லண்டனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்த சமயத்தில் பிரிட்டிஷ் மியூசியத்தின் 95ஆம் அறையை நிதானமாகப் பார்க்கக் கிடைத்தது. பர்சிவல் டேவிட் என்பவர் சேர்த்த ஏறக்குறைய 1,700 சீனப் பீங்கான்கள் அங்கே இருக்கின்றன. பேரப்பிள்ளைகளுக்கு எகிப்திய மம்மி பார்க்க அவசரம். அவர்களை மகளோடு அனுப்பிவிட்டு நான் அங்கேயே நின்றுவிட்டேன். அங்கே பார்த்ததையும் தொழிலில் கற்றதையும் வைத்துத்தான் இந்தக் கடிதம். நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள். படத்தைப் பற்றிய பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

உங்கள் கட்டுரையில் எனக்குள்ள பெரிய குறை, வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்களுக்காகச் செய்த சாமான்களை ஒரே கூடையில் போட்டு, ‘அரபு வியாபாரிகளுக்காகச் சீனர்கள் செய்த ஏற்றுமதிச் சரக்கு’ என்று ஒரே வரியில் முடித்ததுதான். எங்கள் தொழிலில் இருந்த யாரும் இந்தத் தவறைச் செய்யமாட்டார்கள். எழுத்துள்ள பீங்கான் கைக்கு வந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது, எழுத்து கிளேசுக்குக் கீழே இருக்கிறதா, மேலே இருக்கிறதா, கிளேசைக் கீறி வெட்டியிருக்கிறதா என்பது. எழுதச் சொன்னது யார், எங்கே வைத்து எழுதினார்கள் என்ற கேள்விகளுக்குப் பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

முதலில் கீழே இருக்கிற எழுத்து. நீங்கள் திருப்பிப் போட்ட படத்தில் இருப்பதும் இந்த வகைதான்.

எங்கள் ஆலையில் இன்சுலேட்டரைக் காயவைத்து, முத்திரையும் வருஷமும் குத்தி, கிளேஸ் கொடுத்து, ஒரே தடவையாகச் சூளைக்கு அனுப்புவோம். சூடு 1,200 டிகிரியைத் தாண்டிப் போகும். கோப்பை, தட்டு செய்கிற பல ஆலைகளில் ஒரு முறை சுட்டு எடுத்து, பிறகு கிளேஸ் பூசி மறுபடி சுடுவார்கள். ஆனால் சீனாவில் ஜியாங்சி மாநிலத்து ஜிங்தேஜென் ஊரில், அரசர்களுக்கான பீங்கானெல்லாம் செய்த அந்த ஊரில், எங்கள் முறைதான். இன்னும் சுடாத பச்சைச் சாமான் மேலேயே எழுதி, கிளேஸ் பூசி, ஒரே சுடல். சுமார் 1,300 டிகிரி. இது தெரிந்தால்தான் அந்த எழுத்துக்காரனின் பாடு புரியும்.

காய்ந்த பச்சை மண் தூரிகை பட்ட மாத்திரத்தில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். கை ஒரு நொடி தயங்கினால் அந்த இடத்தில் பொட்டு விழுந்துவிடும். அழிக்க முடியாது. கத்தியால் சுரண்டலாம், சுரண்டிய பள்ளம் கிளேசுக்கு அடியில் காட்டிக்கொடுக்கும். எழுதுகிற மையும் நீலமாக இருக்காது. கோபால்ட் தாதுவை அரைத்துக் குழைத்த கறுப்புக் குழம்பு அது. நீலமாவது சூளைக்குள்தான். அதற்கு முன்னால் கிளேஸ் பூசியதும், அது காய்ந்து வெள்ளை அடித்த சுவர் மாதிரி எல்லாவற்றையும் மூடிவிடும். எழுதியது கண்ணுக்கே தெரியாது. எழுதியவன் தன் எழுத்தை மறுபடி பார்ப்பது சூளையைப் பிரித்த பிறகு, அதுவும் மண் சுருங்கி எழுத்தும் சின்னதாகிப்போன நிலையில். வளைந்த ஜாடியின் வயிற்றில், தான் பேசாத மொழியின் எழுத்தை, திரும்பிப் பார்க்க வழியில்லாமல் எழுதியிருக்கிறார்கள். ‘கிறுக்கல்’ என்று எழுதியவரை ஒரு பச்சைக் குவளையில் தன் பெயரைத் தூரிகையால் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த நீலத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. கட்டுரை அதைத் தொடவே இல்லை. 14ஆம் நூற்றாண்டில் சீனாவின் நீல வெள்ளைப் பீங்கான் தலையெடுத்தபோது அதற்கான நல்ல கோபால்ட் பாரசீகத்திலிருந்து போனது. காஷான் நகரத்துக்குப் பக்கத்தில் கம்சர் என்ற மலையூரில் அந்தத் தாது கிடைத்தது. அதே 95ஆம் அறையில் 1351 என்று வருஷம் குறித்த ஒரு ஜோடி ஜாடிகள் இருக்கின்றன. தாவோ என்ற சீன மதத்தின் கோயில் ஒன்றுக்குக் காணிக்கையாகக் கொடுத்தவை. யானைத் தலைக் கைப்பிடியும் டிராகனும் போட்ட சுத்தமான சீனச் சாமான். நீலம் மட்டும் முஸ்லிம் நாட்டுச் சரக்கு. பிற்காலத்தில் ஒரு வகை வெளிநாட்டுக் கோபால்ட்டுக்குச் சீனர்கள் ‘முஸ்லிம் நீலம்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். அதைக் கலப்பில்லாமல் போட்டால் கோடு பரவி ஓடிவிடும். அதனால் உள்ளூர்க் கோபால்ட்டைக் கலந்து கட்டுப்படுத்தினார்கள். கிளேஸ் பிரிவில் இருந்தவனுக்கு இந்தக் கலவைக் கணக்கைப் படிக்கும்போது கிடைக்கிற சந்தோஷம் வேறு.

சரி, எழுத்துக்கு வருகிறேன். அரபியை நாணல் பேனாவால் எழுதுவார்கள். பேனாவின் வெட்டு முனைதான் தடிப்பையும் மெலிவையும் தருகிறது. சீனத் தூரிகைக்கு அந்த முனை இல்லை. அதனால் ஜிங்தேஜென்காரர்கள் ஒரு வழி செய்தார்கள்: எழுத்தின் ஓரக்கோட்டை முதலில் வரைந்து, பிறகு உள்ளே நீலத்தை நிரப்பினார்கள். கண்ணாடிப் பெட்டிக்கு அருகில் குனிந்து பார்த்தால் ஓரம் அடர்த்தியாகவும் உள்ளே வெளிறியும் இருப்பது தெரிகிறது. வரைகிறவர் ஒருவர், நிரப்புகிறவர் இன்னொருவராகவும் இருந்திருக்கலாம். தாந்த்ரகோல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அந்த ஊரிலிருந்து 1712லும் 1722லும் எழுதிய கடிதங்களில், ஒரு சாமான் முடிவதற்குள் எழுபது கைகள் மாறுகிறது என்று சொல்கிறார். அது பிற்காலம்தான். ஆனாலும் அந்த ஊரின் வேலைப் பிரிவினை பழையது.

அரபியில் ஒரே கிண்ண வடிவத்துக்குக் கீழே ஒரு புள்ளி வைத்தால் ஒரு எழுத்து, மேலே இரண்டு வைத்தால் வேறு எழுத்து. எழுபது கை மாறும்போது ஒரு புள்ளி விட்டுப்போகாமல் இருக்குமா? நம் ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமலே எழுதினார்கள், வைத்தால் ஓலை பொத்துக்கொள்ளும் என்பதால். படிப்பவர் இடம் பார்த்துப் புள்ளியைத் தானே வைத்துக்கொண்டார். அதற்காக நம் ஏடு எழுதியவர்களைத் தமிழ் தெரியாதவர்கள் என்று யாரும் சொல்வதில்லை. எங்கள் ஆலையில் முத்திரை குத்தியவர்களில் பலருக்கு ஆங்கிலம் ஒரு எழுத்துகூடத் தெரியாது. அவர்கள் குத்திய முத்திரை நாட்டின் எத்தனையோ மின்கோபுரங்களில் இன்றைக்கும் நேராகத்தான் நிற்கிறது. எழுத்து சரியாக வர, எழுதுகிற கைக்கு மொழி தெரிய வேண்டும் என்பதில்லை. மாதிரி எழுதிக் கொடுத்தவருக்குத் தெரிந்தால் போதும்.

மாதிரி எழுதிக் கொடுத்தவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. கிளேசுக்குக் கீழே அரபும் பாரசீகமும் எழுதிய இந்தச் சாமான்களில் முக்கியமானவை மிங் வம்சத்து ஜெங்தே அரசர் காலத்தவை. அவர் 1505இல் அரியணை ஏறி 1521இல் இறந்தார். பல சாமான்களின் அடியில் ‘மகா மிங், ஜெங்தே ஆட்சியில் செய்தது’ என்ற பொருளில் ஆறு சீன எழுத்துகள் இருக்கும். மேலே வட்டத்துக்குள்ளோ கட்டத்துக்குள்ளோ அரபு எழுத்து, சுற்றிலும் சுருள் கொடிகள். சிலவற்றில் குர்ஆன் வசனம், சிலவற்றில் பழமொழி. மலை மாதிரி ஐந்து சிகரம் வைத்த ஒரு தூரிகைத் தாங்கியில் பாரசீகத்தில் ‘பேனாத் தாங்கி’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. எழுதுபொருள் வைக்கிற ஒரு பெட்டியில் இருக்கிற வாசகத்தின் பொருள் இது: ‘நல்ல கையெழுத்துக்கு முயலுங்கள், அது வாழ்வாதாரத்தின் திறவுகோல்களில் ஒன்று.’ ஊருக்கு வந்து ஹஜ்ரத்திடம் சொன்னேன். ‘இது ஓதுகிற பிள்ளைகளுக்கு உஸ்தாதுகள் சொல்கிற பழைய வாசகம் ஆச்சே, சீனாக்காரன் வரைக்கும் போயிருக்கா!’ என்றார்.

இப்போது சாமான்களைக் கவனியுங்கள். தூரிகைத் தாங்கி, எழுதுபொருள் பெட்டி, மை அரைக்கிற கல்லின் முன் காற்றுக்கு மறைப்பாக வைக்கிற மேசைத் திரை, மெழுகுவத்தித் தண்டு, சாம்பிராணிச் சட்டி. இவையெல்லாம் சீனப் படிப்பாளியின் மேசையில் இருக்க வேண்டியவை. நாணல் பேனாவால் எழுதுகிற பஸ்ரா வியாபாரிக்கு ஐந்து சிகரம் வைத்த தூரிகைத் தாங்கி எதற்கு? மேசைத் திரையை அவர் எங்கே கொண்டுபோய் வைப்பார்? தரையில் உட்கார்ந்து மடியில் தாளை வைத்து எழுதுகிறவர் அவர். ஆக, இவை ஏற்றுமதிச் சரக்கு அல்ல. சீனாவுக்குள்ளேயே, அரண்மனையிலும் அதைச் சுற்றியும், அரபும் பாரசீகமும் வாசித்தவர்களுக்குச் செய்தவை. அப்படிப்பட்டவர்கள் அங்கே நிறைய இருந்தார்கள். அரண்மனை அண்ணகர்களில், அதாவது ஆண்மை நீக்கிய ஊழியர்களில், முஸ்லிம்கள் இருந்தார்கள். வெளிநாட்டுக் கடிதங்களை மொழிபெயர்க்க 1407இல் அரசு தொடங்கிய அலுவலகத்தில் பாரசீகத்துக்கென்றே ஒரு பிரிவு இருந்தது. சீனக் கடற்கரையில் சுவான்ஜோ ஊரின் கல் பள்ளிவாசல் 1009இல் கட்டியது. உங்கள் கட்டுரையாளர் நினைப்பதுபோல இஸ்லாம் சீனாவுக்குக் கப்பலில் வந்து பீங்கான் வாங்கிக்கொண்டு திரும்பிப்போன மதம் இல்லை. அங்கேயே குடியிருந்த மதம்.

இந்த இடத்தில் கட்டுரை எதிர்ப்பக்கமாகவும் சாய்கிறது. ஜெங்தே அரசரே இஸ்லாத்தைத் தழுவிவிட்டார், அதனால்தான் பன்றி அறுப்பதைத் தடை செய்தார் என்று அடித்துச் சொல்கிறது. ஒரு முஸ்லிமாக எனக்கு இதைக் கேட்க ஆசைதான். ஆனால் ஆதாரம் அப்படிச் சொல்லவில்லை. 1519இல் அவர் பன்றி அறுப்பதற்குத் தடை போட்டது உண்மை. காரணம், அவர் பிறந்த 1491 சீனக் கணக்கில் பன்றி வருஷம். மேலும் அரச குடும்பப் பெயரும் பன்றியைக் குறிக்கும் சீனச் சொல்லும் காதுக்கு ஒரே மாதிரி ஒலிக்கும். தன் பெயரையும் தன் ராசியையும் ஊரெல்லாம் வெட்டித் தின்கிறார்களே என்ற கூச்சம். அந்தத் தடையும் வெகுநாள் நீடிக்கவில்லை. திபெத்திய லாமாக்களையும் அவர் அரண்மனையில் வைத்துக் கொண்டாடினார். புலி, சிறுத்தை வளர்க்கிற தோட்டத்தில் தனி மாளிகை கட்டிக்கொண்டு ஆட்சிப் பொறுப்பிலிருந்து ஒதுங்கி வாழ்ந்தார். எதைக் கண்டாலும் ஆசைப்படுகிற ஒரு இளவட்ட அரசர். முப்பது வயதுக்குள் இறந்தும் போனார். அவரை முஸ்லிமாக்கிவிட்டால் கதை சுவையாக இருக்கும், அவ்வளவுதான். என் கணிப்பு, அரண்மனையில் செல்வாக்காக இருந்த முஸ்லிம் அண்ணகர்கள் தங்களுக்கும் தங்கள் பள்ளிவாசல்களுக்கும் சொல்லி வைத்துச் செய்தவை இதில் பாதியாவது இருக்கும். பல ஆய்வாளர்களும் அந்தப் பக்கம்தான் கை காட்டுகிறார்கள்.

இன்னொன்று. கடற்படைத் தலைவர் ஜெங் ஹே இந்தப் பீங்கான்களைக் கப்பலில் ஏற்றிவந்தார் என்கிறீர்கள். அவர் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் என்பது சரி. ஆனால் அவருடைய பயணங்கள் 1405 முதல் 1433 வரை. ஜெங்தே அரியணை ஏறியது அதற்கு எழுபது வருஷம் கழித்து. பேரன் கல்யாணத்துக்குச் செய்த பாத்திரத்தைத் தாத்தா கொண்டுபோனார் என்பது மாதிரி இருக்கிறது.

வெட்டிய எழுத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டுரையில் ஈரானின் ஷா அப்பாஸ் பெயர் உள்ள கிண்ணத்தையும் ‘சீனர் எழுதிய அரபு’ பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். அது சீனர் எழுதியதே இல்லை. ஷா அப்பாஸ் 1611இல் அர்தபில் நகரத்தில் தன் முன்னோரான ஷேக் சஃபியின் அடக்கத்தலத்துக்கு 1,162 சீனப் பீங்கான்களை வக்ஃப், அதாவது அறக்கொடை, செய்தார். அவற்றில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் தன் பெயரையும் வக்ஃப் செய்த விவரத்தையும் பாரசீகத்தில் வெட்டச் சொன்னார். சுட்டு முடித்த பீங்கானின் கிளேஸ் கண்ணாடியைவிடக் கடினம். அதைக் கீறுவது கல்வெட்டுவேலை. பானை செய்கிற வேலை இல்லை. செய்ததும் ஈரானில். அந்தப் பீங்கான்களுக்காக அர்தபிலில் ஒரு தனி மண்டபத்தின் சுவர் முழுக்கக் கிண்ணம், ஜாடி வடிவத்துக்கேற்ற மாடங்கள் வைத்து அலங்கரித்தார்கள். பெரும்பகுதி இப்போது தெஹ்ரான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மொகலாய அரசர் ஷாஜஹானின் பெயர் வெட்டிய சீனத் தட்டுகளும் உண்டு. இவையெல்லாம் உடைமை முத்திரைகள். நம் வீட்டுப் பித்தளை அண்டாவில் பெயர் வெட்டிவைப்போமே, அதுதான்.

இனி கிளேசுக்கு மேலே எழுதிய வகை. ‘ஏற்றுமதிச் சரக்கு’ என்ற உங்கள் சொல் இங்கேதான் பொருந்தும். ஃபூஜியான் மாநிலத்து ஜாங்ஜோ பகுதிச் சூளைகளில் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் செய்த பெரிய பெரிய தட்டுகள் இவை. சேகரிப்பவர்கள் ‘ஸ்வாடோ’ என்று ஒரு துறைமுகத்தின் பெயரால் அழைக்கிறார்கள், செய்தது அந்த ஊரில் இல்லாவிட்டாலும். அரசருக்கான நுணுக்கம் இதில் இல்லை. மண் கரடுமுரடு. தட்டின் அடிவளையத்தில் மணல் ஒட்டிக்கொண்டு சுட்டிருக்கும். அடி சூளைப் பலகையில் ஒட்டாமலிருக்க மணல் தூவுவதை நாங்களும் செய்திருக்கிறோம், ஆனால் பிறகு துடைத்து எடுத்துவிடுவோம். அவர்கள் அதற்கு நேரம் ஒதுக்கவில்லை. ஒரு முறை சுட்டெடுத்த தட்டின் மேல் சிவப்பு, கறுப்பு, பச்சையும் நீலமும் கலந்த ஒரு நிறம் ஆகிய எனாமல் வண்ணங்களால் எழுதி, 800 டிகிரியை ஒட்டிய குறைந்த சூட்டில் மறுபடி சுட்டார்கள். நடுவட்டத்தில் இஸ்லாத்தின் உறுதிமொழியான கலிமா, சுற்றிலும் ஆயத்துல் குர்ஸி என்ற குர்ஆன் வசனம், அல்லாஹ்வின் திருநாமங்கள், எண் கட்டங்கள். அச்சே, ஜாவா, சுலவேசி என்று இன்றைய இந்தோனேசியாவின் பல இடங்களுக்கு இவை போயின. டச்சுக்காரர்கள் அங்கிருந்து கொண்டுபோனவை நெதர்லாந்தின் லேவார்டன் ஊரில் பிரின்செஸ்ஸெஹோஃப் அருங்காட்சியகத்தில் நிறைய இருக்கின்றன.

இவற்றில் அரபு பிசகியிருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஒரு தட்டைப் பார்த்து இன்னொன்று, அதைப் பார்த்து மற்றொன்று என்று போகப்போக எழுத்து கொடியாகிவிடுகிறது. சில தட்டுகளில் ஹஜ்ரத்தாலேயே முதல் சொல்லுக்கு மேல் போக முடியவில்லை. ஆனால் வாங்கியவருக்கு அது ஒரு குறையாக இருந்திருக்குமா? ஆயத்துல் குர்ஸி தொழுகிறவர் எல்லோருக்கும் மனப்பாடம். தொடக்கத்தில் ‘அல்லாஹு’ என்று கண்ணில் பட்டால் போதும், மிச்சத்தை நாக்கு ஓதிவிடும். அந்தத் தட்டை வாசிப்பதற்காக அவர்கள் வாங்கவில்லை. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிட, நோய்க்குத் தண்ணீர் ஊற்றிக் குடிக்க, வீட்டுக்குக் காவலாக வைக்க வாங்கினார்கள்.

இதைச் சொல்ல எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. எங்கள் பக்கத்திலும், கடலோர ஊர்களிலும், கேரளத்து மாப்பிள்ளை முஸ்லிம்களிடமும் பீங்கான் தட்டில் குங்குமப்பூக் கரைசலால் வசனம் எழுதி, அதைத் தண்ணீர் விட்டுக் கரைத்துக் குடிக்கக் கொடுக்கிற வழக்கம் இருந்தது. எனக்கே சின்ன வயதில் காய்ச்சலுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கசக்காத ஒரே மருந்து அதுதான். இன்றைக்கு மார்க்கத்தில் இதற்கு இடமில்லை என்று சொல்கிறவர்கள் அதிகம். அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. எழுதிக் கரைக்கிறவரின் எழுத்து அழகாக இருக்கிறதா, புள்ளி சரியாக இருக்கிறதா என்று குடிக்கிற யாரும் பார்த்ததில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் எழுதத் தேவையில்லாமல், எனாமலிலேயே நிரந்தரமாக எழுதிச் சுட்டுக் கொடுத்தால் அச்சேக்காரருக்கு அது எவ்வளவு வசதி! ஜாங்ஜோ சூளைக்காரர் தன் வாடிக்கையாளரைப் புரிந்துவைத்திருந்தார் என்றுதான் நான் சொல்வேன். வெளிநாட்டு வாடிக்கையாளரைப் புரிந்துகொள்வது சீனர்களுக்குப் பழைய பழக்கம். இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே 1998இல் கண்டுபிடித்த 9ஆம் நூற்றாண்டுக் கப்பலில், மேற்காசியச் சந்தைக்குப் போனதாகக் கருதப்படும் அந்தக் கப்பலில், சீனாவின் சாங்ஷா சூளைகளில் செய்த பல்லாயிரம் கிண்ணங்கள் கிடைத்தன. ஒன்றில் 826ஆம் ஆண்டுக்கு இணையான சீனத் தேதி இருந்தது. சிங்கப்பூர் ஆசிய நாகரிக அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்க்கலாம், அங்கே உறவினர் இல்லாத தமிழர் குறைவு. 16ஆம் நூற்றாண்டில்தான் இந்தத் தொடர்பு ஆரம்பித்தது என்று நீங்கள் எழுதியதற்கு அந்தக் கிண்ணங்களே பதில்.

தமிழ்நாட்டுத் தொடர்பு என்று ஒரு பத்தி போட்டிருந்தீர்கள். ராமநாதபுரம் கடற்கரைப் பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் உடைசல்கள் கிடைத்தது உண்மை. ஜப்பானியத் தமிழறிஞர் நொபோரு கராஷிமாவும் நம் ஆய்வாளர்களும் அவற்றை ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் அவை பெரும்பாலும் 13, 14ஆம் நூற்றாண்டுச் சரக்கு. அதை ஜெங்தே காலத்து எழுத்துப் பீங்கானோடு முடிச்சுப்போடுவது இழுவை. உண்மையான ஒரு தொடர்பு கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் கல்லாக நிற்கிறது, அதை விட்டுவிட்டீர்கள். ஜெங் ஹே இலங்கையின் காலி நகரத்தில் நாட்டிய மும்மொழிக் கல்வெட்டு அது. சீனம், தமிழ், பாரசீகம். 1409ஆம் ஆண்டுத் தேதி. சீனப் பகுதி புத்தரை வணங்குகிறது, தமிழ்ப் பகுதி தெனவரை நாயனார் என்ற திருமாலை, பாரசீகப் பகுதி அல்லாஹ்வை. கொடுத்த காணிக்கை, பொன்னும் வெள்ளியும் பட்டும், ஏறத்தாழ ஒன்றுதான். கல்லைச் சீனாவிலேயே வெட்டிக் கப்பலில் ஏற்றிவந்தார்கள் என்பது ஆய்வாளர்கள் கருத்து. 1911இல் காலி நகரத்தில் ஒரு எஞ்சினியர் அதைக் கண்டெடுத்தபோது அது சாக்கடைக்கு மூடியாகக் கவிழ்ந்து கிடந்தது. தமிழ் பேசாத ஊரில் தமிழைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அறுநூறு வருஷம் கழித்து அதில் பல இடம் தேய்ந்துவிட்டது, ஆனால் வெட்டியவர் தமிழைக் கிறுக்கினார் என்று எந்தத் தமிழ்ப் பத்திரிகையும் இதுவரை எழுதவில்லை. அதே மரியாதையை ஜிங்தேஜென்காரருக்கும் கொடுங்கள்.

என் கோரிக்கை இரண்டுதான். படத்தைச் சரியான பக்கம் திருப்பி ஒரு முறை போடுங்கள். கீழே அது என்ன சாமான், எந்தக் காலம், எழுத்தின் பொருள் என்ன என்று மூன்று விவரம் கொடுங்கள். அரபு வாசிக்கத் தெரிந்தவர்கள் உங்கள் வாசகர்களில் லட்சக்கணக்கில் இருப்பார்கள். பக்கம் அச்சுக்குப் போவதற்குமுன் யாராவது ஒருவரிடம் காட்டினால் போதும்.

கட்டுரை வந்த நாளிலிருந்து எங்கள் தெருவில் மூன்று நாலு பேர் வீட்டுப் பரணிலிருந்து அரபு எழுத்துத் தட்டுகளை இறக்கி என்னிடம் கொண்டுவந்துவிட்டார்கள். லட்சம் பெறுமா, கோடி பெறுமா என்று கேட்கிறார்கள். பெரும்பாலானவை போன நூற்றாண்டின் அச்சுத் தட்டுகள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் வண்ணம் பொடிப்பொடிப் புள்ளிகளாகத் தெரியும், கையெழுத்தில் அப்படித் தெரியாது. மற்ற ஊர்களிலும் இது நடந்துகொண்டிருக்கும் என்பதால் சொல்கிறேன். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். வழவழப்பு எங்கும் மாறவில்லை என்றால் எழுத்து கிளேசுக்குக் கீழே. மேடாகத் தட்டுப்பட்டாலோ எழுத்து மட்டும் மங்கியிருந்தாலோ மேலே. நகம் சிக்கினால் வெட்டியது. மேலே எழுதியதாக இருந்தால் தேய்க்கிற பொடி, புளி, எலுமிச்சை, பிளீச்சிங் எதுவும் போடக் கூடாது. ஈரத் துணியால் ஒற்றி எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தெரிந்தவரிடம் காட்டும்வரை பழைய சாமான் வாங்குகிறவரிடம் கொடுக்காதீர்கள். முக்கியமாக, அந்தப் பழைய எனாமலில் ஈயம் இருக்கும், புளிப்புப் பட்டால் அது கரைந்து இறங்கும். பரக்கத் (இறையருள்) என்று நினைத்து எலுமிச்சை சர்பத்தை அதில் ஊற்றிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
கிளேஸ் பிரிவு மேற்பார்வையாளர் (ஓய்வு),
மேல்விஷாரம்